இருபத்திரண்டு பெயர்கள்

லண்டன்,
12 பிப்ரவரி 1871

அன்புள்ள அகஸ்டா அக்காவுக்கு,

நலம். உன் நலமும், அண்ணனின் கீல்வாதம் இந்தக் குளிரில் எப்படியிருக்கிறது என்பதும் அறிய ஆவல். நேப்பிள்ஸ் வெயிலில் நான்கு மாதம் கிடந்ததில் என் நெஞ்சு தேறிவிட்டது. இருமல் மிச்சமிருக்கிறது, இரத்தம் வருவதில்லை.

வியாழக்கிழமை மக்களவையில் உறுதிமொழி எடுத்தேன். முப்பத்தைந்து வயதில் கார்த்பிரிட்ஜ் தொகுதியின் உறுப்பினர்! பின்வரிசையில் இடம். எனக்கு முன்னால் இருந்தவர் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக் குறட்டை விட்டார். நானும் ஒருநாள் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

செப்டம்பரில் தேர்தல் முடிந்த மறுநாளே கப்பலேறிவிட்டதால் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. ஆனால் என் நினைவில் நிற்பவன் எனக்கு வாக்களிக்காத ஒருவன்தான். சந்தைத் திடல் மேடையில் ஏறி, அண்ணனும் காரியஸ்தர் பிளென்கினும் பார்த்துக்கொண்டிருக்க, "ஹிர்ஸ்ட்!" என்று எதிராளியின் பெயரை ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னானே, நம் ஆற்றங்கரைப் பண்ணையின் ஈசாக் மெட்காஃப். இறங்கியதும் நேரே என்னிடம் வந்து கைகொடுத்தான். "உங்க மேல ஒண்ணுமில்ல லயனல் ஐயா. பள்ளிக்கூட விஷயத்துல அந்த ஆலைக்காரர் சொல்றதுதான் எனக்குச் சரின்னு பட்டுது. நாளைக்கு கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டீங்கன்னா வருவேன்" என்றான். "உன் பந்தை யாருய்யா பிடிக்கறது, ஆளை விடு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

நேப்பிள்ஸிலிருந்து அவனுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவன் அப்பாவுக்குக் கண்பார்வை முழுக்கப் போய்விட்டதா? விசாரித்து எழுது.

உன் அன்புத் தம்பி,
லயனல்

*

ஹோல்ம்கார்த் மாளிகை,
24 பிப்ரவரி 1871

அன்புள்ள லயனலுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். உன் இருமலுக்குத் தேனும் பார்லிக் கஞ்சியும் விடாமல் சாப்பிடு. கம்பளிச் சட்டை மூன்று அனுப்பியிருக்கிறேன். லண்டன் நாகரிகத்துக்குப் பயந்து அவற்றைப் பெட்டியில் வைத்துவிடாதே.

இங்கே பனி முழங்கால்வரை. பாதிரியாரின் மூன்றாவது பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அவளைவிட இருபது வயது அதிகம், முடி அவளைவிட மிகக் குறைவு. அண்ணாவுக்கு வலது கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. அவருடைய கடிதங்களையும் நானே எழுதுகிறேன். உன் நாய் பெஸ் நான்கு குட்டி போட்டிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா,
அகஸ்டா

*

லண்டன்,
5 ஏப்ரல் 1871

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை என் முதல் பேச்சு! அரசாங்கம் கொண்டுவந்திருக்கும் மசோதாவைப் பற்றிப் படித்திருப்பாய். இனி வாக்காளர் மேடையேறித் தன் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டாமாம். திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டில் கோடு போட்டுப் பெட்டியில் போட்டால் போதுமாம். நான் எதிர்த்துப் பேசினேன். ஆண்மகன் தன் மனதை வெளிச்சத்தில் சொல்ல வேண்டும், ஒளிந்துகொண்டு அல்ல என்றேன். ஈசாக்கைத்தான் உதாரணம் காட்டினேன், பெயர் சொல்லாமல்: "என் அண்ணனின் குத்தகைக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே எனக்கு எதிராக வாக்களித்தார். இன்றும் அதே நிலத்தை உழுகிறார். அவர்மேல் யாரும் விரல் வைக்கவில்லை." சபையில் பலத்த ஆரவாரம். தொப்பிக்காரரே விழித்துக்கொண்டார்.

அவனைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுத மறந்துவிட்டாய். மே மாத விடுமுறையில் அங்கே வருகிறேன். நானே நேரில் போய் இந்தப் பேச்சை அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

உன்,
லயனல்

*

ஹோல்ம்கார்த் மாளிகை,
11 ஏப்ரல் 1871

அன்புள்ள லயனலுக்கு,

நலம். உன் பேச்சைச் செய்தித்தாளில் படித்தோம். அண்ணா என்னை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை என்னால் முடிக்க முடியவில்லை. பாதியில் பிளென்கின் வாங்கி வாசித்தார்.

மே மாதம் நீ வர வேண்டாம். உருகிய பனியில் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. கிழக்குப் பக்கத்து அறைகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாசனை உன் நெஞ்சுக்கு ஆகாது. பண்ணைகளில் இந்த வசந்தத்தில் சில புது முகங்கள். பழக நாளாகும்.

குட்டிகளில் ஒன்று இறந்துவிட்டது.

அகஸ்டா

*

லீட்ஸ்,
14 ஏப்ரல் 1871

மதிப்புக்குரிய லயனல் ஐயா அவர்களுக்கு,

ஈசாக் மெட்காஃப் எழுதுவது. நானும் மனைவி ஹன்னாவும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். தாங்கள் குணமடைந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். தங்கள் பேச்சையும் படித்தார். பக்கத்தில் இருந்தவன், "யாரோ குடுத்து வெச்ச ஆளுய்யா அந்தக் குத்தகைக்காரன்" என்றான்.

போன செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி, குத்தகை நோட்டீசு கொடுக்கும் மிக்கேல் திருநாளன்று, காலி செய்யச் சொல்லி நோட்டீசு வந்தது. மார்ச் இருபத்தைந்தாம் தேதி பண்ணையை விட்டு இறங்கினோம். நான் மட்டுமல்ல, ஹிர்ஸ்டின் பெயரைச் சொன்ன இருபத்திரண்டு குடும்பங்கள். அப்பாவை மெத்தையோடு வண்டியில் ஏற்றினேன். ஏழாம் நாள் இங்கே இறந்துபோனார்.

நேப்பிள்ஸிலிருந்து தாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அங்குள்ள வெயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். சபையில் சொன்னதைத் தாங்கள் தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா?

இப்படிக்கு,
ஈசாக் மெட்காஃப்

*

லண்டன்,
22 ஏப்ரல் 1871

அக்காவுக்கு,

நலமா.

புதன்கிழமை லீட்ஸ் போய்வந்தேன். ஒரே அறையில் ஆறு பேர். ஈசாக்கின் கைகள் முழங்கைவரை நீலம்; கழுவினாலும் போகாதாம். ஹன்னா எனக்கு நாற்காலி போட்டாள். தேநீர் கொடுக்கவில்லை.

"தெரியாமத்தான் சொன்னேன் ஈசாக்" என்றேன்.

"ரெண்டுல எது மோசம்னு எனக்கு இன்னும் புரியல ஐயா" என்றான்.

நோட்டீசைக் காட்டினான். அடியில் அண்ணனின் கையொப்பம், கோணல்மாணலாக. மேலே உள்ள எழுத்து சுத்தமாக, அழகாக இருந்தது. ஐந்து வயதில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லயனல்

*

ஹோல்ம்கார்த் மாளிகை,
19 ஜூன் 1871

லயனல்,

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீயும் எழுதவில்லை. உன் இருமல் எப்படி என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

நான்தான் எழுதினேன். இருபத்திரண்டும்.

தேர்தல் முடிந்த வாரம் பிளென்கின் வாக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். யார் யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று அச்சடித்து, கடையில் விற்கிறார்களே, அதேதான். அவர் பெயர் சொல்லச் சொல்ல அண்ணா தலையாட்டினார். நான் எழுதினேன். ஈசாக்கின் பெயர் வந்தபோது பேனாவை வைத்துவிட்டு, "ஈசாக்குமா அண்ணா?" என்றேன். "அவனைத்தான் முதல்ல எழுதியிருக்கணும்" என்றார். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. நான் சாப்பிடுவது அண்ணாவின் மேஜையில், தூங்குவது அவர் கூரையின்கீழ். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனதில் ஓடியது இதுதான் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வீடு காலியாவதைவிட என் ஒரு அறை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நீ ஈசாக்கைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் நாய்க்குட்டியைப் பற்றி எழுதினேன். நினைத்தாலே கூசுகிறது.

கடித நகல் புத்தகம் ஒன்று எழுத்தறையில் இருக்கிறது. அந்த நோட்டீசுகள் எல்லாம் அதில் உள்ளன. "எமக்கு எதிராக வாக்களித்த காரணத்தால்" என்று அண்ணா சொன்ன வாசகம் முதல் நான்கில் அப்படியே இருக்கிறது. பிறகு பிளென்கின் தடுத்ததால் அதை விட்டுவிட்டோம். புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய். என் பெயரைச் சொல்ல வேண்டுமானால் சொல்.

அகஸ்டா

*

லண்டன்,
12 ஆகஸ்ட் 1871

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, நிறையப் பேசியதால்.

உன் புத்தகத்தோடு சபையில் எழுந்து நின்றேன். "ஏப்ரலில் இதே இடத்தில் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்" என்று தொடங்கி, அந்த நான்கையும் படித்தேன். எதிர்வரிசையில் ஒருவர், "எந்தப் பிரபுவின் பண்ணை அது?" என்று கத்தினார். "என் அண்ணனுடையது. அவருக்குப் பயந்து விழுந்த வாக்குகளால் வந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன்" என்றேன். ஆரவாரம் எதுவும் இல்லை. எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மசோதா மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. அதைத் தோற்கடிக்கவென்றே அண்ணன் இரண்டு ஊன்றுகோல்களோடு ரயிலேறி வந்திருந்தார். நடைபாதையில் எதிரெதிரே சந்தித்தோம்.

"நீ நம்ம வீட்டுப் பிள்ளைதானா?"

"அதனாலதான் அண்ணா பேசினேன்."

"அந்த இடம் நான் குடுத்தது. ஞாபகம் இருக்கா?"

"இப்பல்லாம் வேற எதுவும் ஞாபகத்துக்கு வர்றதில்ல."

"என் நிலம், என் ஆளுங்க. என் கதவை யாருக்குத் திறக்கணும், யாருக்கு மூடணும்னு உன் சபை எனக்குச் சொல்லுமா?"

"உங்க கதவைப் பத்திப் பேச்சே இல்ல. அவங்க வாயை எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டிவிட்டு உள்ளே போனார். நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றேழு என்று மசோதா தோற்றது. அடுத்த வருடம் மறுபடி வரும். மறுபடி பேசுவேன்.

அண்ணன் ஊர் திரும்பியதும் நகல் புத்தகத்தைத் தேடுவார். ஜாக்கிரதை.

உன் தம்பி,
லயனல்

*

ரிப்பன் நகரம்,
3 அக்டோபர் 1871

அன்புள்ள லயனலுக்கு,

நலம். மேலே உள்ள முகவரியைப் பார்த்துத் திகைக்காதே.

அண்ணா புத்தகத்தைத் தேடினார். பிளென்கினைத் திட்டினார், வேலைக்காரியைத் திட்டினார். அவள் அழ ஆரம்பித்ததும் நான் எழுந்தேன்.

"புத்தகம் லயனல்கிட்ட இருக்கு அண்ணா."

"யார் குடுத்தது?"

"நான்தான். நானே கட்டி நானே தபால்ல சேர்த்தேன்."

பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இனிமே என் கடிதத்தையெல்லாம் யார் எழுதுவா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு பெட்டி கட்டுவது சுலபமாக இருந்தது. ஒரு மருத்துவரின் விதவை வீட்டு மாடியில் இரண்டு அறை. ஏழு பெண்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். அதில் ஐந்து பேருக்கு நாக்கே புரளவில்லை.

லீட்ஸ் போனேன். கதவைத் திறந்த ஹன்னா உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "மன்னிப்புக் கேட்க வந்தேன் ஈசாக்" என்றேன்.

"கேளுங்கம்மா. கேக்க வேணாம்னு யாரு சொன்னா" என்றான். கேட்டேன். கேட்டு முடித்ததும் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நோட்டீசு வந்ததும், 'அகஸ்டா அம்மா கையெழுத்துப்பா'ன்னு சொன்னேன். 'அந்தம்மா எழுதியிருந்தா ஏதோ நல்ல சேதிதான், படிடா'ன்னாரு. மூணு வரி படிக்கற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு." நீலக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா ரயில் ஏறிடுவீங்க. எனக்கு அது பிடிக்கல. வேணும்னா மறுபடி வாங்க. கதவைத் திறக்கறேன்."

மாதம் ஒருமுறை போவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

உன் அக்கா,
அகஸ்டா

*

லண்டன்,
20 ஜூலை 1872

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் கண்வலி குணமாயிற்றா?

மசோதா சட்டமாகிவிட்டது! இந்த முறை பிரபுக்களால் நிறுத்த முடியவில்லை. இதோடு என் வேலை முடிந்தது என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நான் என் இடத்தைத் துறக்கிறேன் என்றதும் தட்டிய கைகள் நின்றுவிட்டன. கட்சிக் கொறடா என்னை மூலைக்கு இழுத்துப்போனார்.

"பைத்தியமா உங்களுக்கு? அடுத்த பொதுத்தேர்தல் வரைக்கும் பேசாம உக்காருங்க."

"உக்காந்திருக்கற இடம் என்னோடது இல்லையே."

"பின்னே யாரோடது?"

"தெரியல. ஊருக்குப் போய்க் கேட்டுட்டு வரேன்."

ஆகஸ்ட் இருபத்தெட்டில் இடைத்தேர்தல். திரைக்குப் பின்னால், சீட்டில், பெட்டியில். நான் மறுபடி நிற்கிறேன். அண்ணன் நம் அத்தை மகன் சிட்னியை நிறுத்துகிறாராம். குதிரைப் பந்தயப் பட்டியலைத் தவிர வேறெதையும் படித்தறியாத சிட்னி! ஆலைக்காரர் ஹிர்ஸ்டைப் போய்ப் பார்த்தேன். "இந்தத் தடவை நான் நிக்கல, நீங்க நில்லுங்க. போன தடவை நியாயமா தோத்தேனான்னு எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றார்.

தோற்கலாம். தோற்றால் அதுவும் பதில்தான்.

லயனல்

*

ரிப்பன்,
23 ஜூலை 1872

லயனல்,

கண் சரியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டேன். எனக்கு வாக்கில்லை, ஆனால் கால் இருக்கிறது. கார்த்பிரிட்ஜில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் எனக்குத் தெரியும். யார் கதவைச் சாத்தினாலும் அடுத்த கதவுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், நிலையத்துக்கு வண்டி அனுப்பு.

அகஸ்டா

*

ரிப்பன்,
30 செப்டம்பர் 1872

அன்புள்ள லயனலுக்கு,

தெற்கே கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா? முடிவு அறிவித்த மறுநாளே மருத்துவர் உன்னைப் பிடித்து அனுப்பிவிட்டதால், அதற்குப் பின் நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது. நிதானமாக உட்கார்ந்து படி; சிரித்தால் இருமுவாய்.

வாக்கெடுப்பன்று நீ பாலத்தடியில் நின்றாய்; நான் சந்தைத் திடலில் இருந்தேன். பிளென்கின் பழக்கதோஷத்தில் நோட்டும் பென்சிலுமாக வாசலில் நின்றார். உள்ளே போனவர்கள் பலகைத் தடுப்புக்குப் பின்னால் மறைந்து, சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அவருடைய நோட்டில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல் செருப்புத் தைக்கும் வில்கின்சனை மறித்தார்.

"யாருக்குய்யா போட்டே?"

"பெட்டிக்குத்தான் போட்டேன் ஐயா."

உனக்கு முந்நூற்றுப் பதினெட்டு, சிட்னிக்கு இருநூற்று அறுபத்து நான்கு. இதுவரை உனக்குத் தெரியும்.

அந்த வாரமே அண்ணா பிளென்கினை வீடு வீடாக அனுப்பினார். அண்ணாவின் நிலத்திலுள்ள பண்ணை, கடை, பட்டறை ஒன்றும் பாக்கியில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி. எல்லோரும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஒரே பதில்: "பிரபுவோட ஆளு சிட்னி ஐயாவுக்குத்தான்." பிளென்கின் பட்டியலைக் கூட்டிப் பார்த்தார். நானூற்று முப்பத்தொன்று!

மாளிகையின் நிர்வாகி பிக்கர்ஸ்கில் அம்மா காபி கொண்டுபோனபோது காதால் கேட்டதைச் சொன்னாள்.

"அப்போ நூத்தி அறுபத்தேழு பேரு என் முகத்துக்கு நேரா பொய் சொல்றானுங்க. பெயரைக் கொடு!"

"அதுதான் தெரியல பிரபு."

"அப்ப எல்லாருக்கும் நோட்டீசு எழுது!"

"எழுதலாம். அதுல இருநூத்தி அறுபத்து நாலு பேர் நிஜமாவே நமக்குப் போட்டவங்க. அவங்களையும் துரத்தினா அடுத்த தடவை சிட்னி ஐயாவுக்கு அவரே போட்டாத்தான் உண்டு. அப்புறம், அறுவடைக்கு யாரு இருப்பா?"

அண்ணா பட்டியலைக் கேட்டு வாங்கி, ராத்திரிச் சாப்பாடுவரை ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வீங்கிய விரலைப் பெயரின் மேல் வைப்பாராம், எடுப்பாராம். கடைசியில் தட்டை நகர்த்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

ஈசாக்கிடம் போய்ச் சொன்னேன். இந்தமுறை ஹன்னா தேநீர் கொடுத்தாள். ஊரை விட்டுப் போனதால் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் கார்த்பிரிட்ஜில் வாக்கில்லை என்பதை அவனிடம் சொல்லத் தயங்கினேன். அவனே சொன்னான். "எனக்கு அங்க ஓட்டு இருந்திருந்தா லயனல் ஐயாவுக்குப் போட்டிருப்பேனான்னு கேக்காதீங்கம்மா. சொல்ல மாட்டேன். இனிமே அதானே சட்டம்" என்று சொல்லிச் சிரித்தான். நான் லீட்ஸ் போக ஆரம்பித்த இந்த ஒரு வருடத்தில் அவன் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. ஆற்றங்கரைப் பண்ணையை அவனுக்குத் திரும்ப வாங்கித்தர நம்மால் முடியாது. ஆனால் குத்தகைக்காரனை நினைத்தபோது துரத்தக்கூடாதென்று ஒரு சட்டம் வேண்டும் என்கிறான். உன்னிடம் சொல்லச் சொன்னான். விவரமாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான், இதனுடன் இருக்கிறது. பிப்ரவரியில் சபை கூடுவதற்குள் படித்து முடி.

நேற்று மிக்கேல் திருநாள், நோட்டீசு வரும் நாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கார்த்பிரிட்ஜ் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்களாம், மாளிகைச் சாலையைப் பார்த்தபடி. தபால்காரர் வந்தார், போனார். இருட்டியதும் ஒவ்வொரு வீடாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு நோட்டீசும் வரவில்லை.

கம்பளிச் சட்டையை மறக்காதே. உன் நலத்துக்கு உடனே எழுது.

உன் அன்பு அக்கா,
அகஸ்டா